நம்ம மலைச் செம்மண்ணுக்கு எந்த மெட்டல் டிடெக்டர்? சொந்த நிலம், பழைய பங்களா இடம்

சில்வர்ஓக்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பட்டா அப்பா பெயரில். தோட்டத்தின் மேல்கோடியில் பழைய துரை பங்களா ஒன்றின் அஸ்திவாரமும் பாதி இடிந்த புகைபோக்கியும் நிற்கின்றன. தாத்தா வாங்கும்போதே கூரை, கதவு, ஜன்னல் எதுவும் இல்லையாம். மழை ஓய்ந்து களை எடுக்கும்போது அந்த இடத்தில் ஏதாவது மேலே வந்துகொண்டே இருக்கும். பித்தளைக் கதவுக்குமிழ், குதிரை லாடம், போன மாதம் விக்டோரியா படம் போட்ட 1862 காலணா ஒன்று.

ஒரு டிடெக்டர் வாங்கித் தேடிப் பார்க்கலாம் என்று ஆசை. விற்கிற எண்ணம் இல்லை. அந்த பங்களாவில் யார் இருந்தார்கள், என்ன புழங்கினார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். பட்ஜெட் 40,000 ரூபாய். பச்சைத் தேயிலை விலை இருக்கிற லட்சணத்தில் இதற்கே வீட்டில் அர்ச்சனை நடக்கிறது. காரெட் ஏஸ் 400, நோக்டா சிம்ப்ளெக்ஸ், மைன்லேப் வான்குவிஷ் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். இது தவிர, தெரிந்தவர் ஒருவர் இரண்டு ஆன்டெனா வைத்த கருவி ஒன்றைக் காட்டினார். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தங்கத்தைக்கூடக் காட்டுமாம். விலை இரண்டு லட்சம். எது நல்லது?

காயில்பைத்தியம்

தம்பி, ஆன்டெனா ஆளிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கையில் பிடித்தால் தானாகத் திரும்பும் அந்தக் கம்பிக்கும் ரைஸ் புல்லிங் கலசத்துக்கும் வித்தியாசம் கிடையாது. அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் என்று சொல்லி நம் ஊரில் எத்தனை பேரிடம் பணம் பறித்திருக்கிறார்கள் என்று செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். உண்மையான டிடெக்டர் அதன் நுனியில் இருக்கும் வட்டத் தட்டுக்கு, அதாவது காயிலுக்கு, நேர் கீழே இருப்பதை மட்டும்தான் பார்க்கும். அதுவும் காசு அளவுள்ள பொருள் என்றால் சாண் ஆழம், மிஞ்சினால் கொஞ்சம் கூட.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாடலைப் பார்க்கும் முன் மண்ணைப் பாருங்கள். நீலகிரி முழுக்க அடியில் சார்னோகைட் பாறை. அதில் மேக்னடைட் உண்டு. மேலே இருப்பதோ இரும்பு ஆக்சைடு ஏறிய செம்மண், சில இடங்களில் லேட்டரைட். டிடெக்டர் விமர்சனம் எழுதுகிறவர்களில் பலர் இங்கிலாந்து வயல்களிலோ அமெரிக்கப் பூங்காக்களிலோ ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். அவர்கள் '10 அங்குலம் போகிறது' என்றால் நம் மேட்டில் அதில் பாதி வந்தாலே எனக்குச் சந்தோஷம்.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். பங்களா இடத்திலிருந்து இரண்டு கை மண் எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து நொறுக்குங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு அந்த மண்ணில் புரட்டுங்கள். பையில் கறுப்புத் தூள் மீசை மாதிரி நின்றால் உங்கள் மண் கனமான மண். அப்படியானால் கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் அளவை, நாமே பிடிக்க முடியாத மெஷினை வாங்காதீர்கள். ஏஸ் 400 அங்கேயே அடிபடும். அதில் கிரவுண்ட் பேலன்ஸ் கம்பெனியிலேயே முடிவு செய்து வைத்தது.

லவ்டேல்_ராஜா

ஏஸ் 400ஐ அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள் அண்ணா. நான் அதைத்தான் ஓட்டுகிறேன். சென்சிடிவிட்டியை இரண்டு கட்டை குறைத்து, காயிலை நிலத்திலிருந்து இரண்டு விரல் உயர்த்தி ஓட்டினால் சத்தம் அடங்கிவிடும். மண்ணின் சத்தத்தைக் குறைக்கும் டிடி வகைக் காயில் வேறு கூடவே வருகிறது. ஏஏ பேட்டரி நாலு போதும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கற்றுக்கொள்ள இதைவிட எளிய மெஷின் இல்லை.

காயில்பைத்தியம்

ராஜா, நீங்கள் ஓட்டும் இடம் எனக்குத் தெரியும். மேல்மண் கறுப்பான பழைய காய்கறிப் பாத்தி. உரம் போட்டு, கிளறிக் கிளறிப் பதமான மண் அது. தம்பி கேட்பது செம்மண் சரிவு. இரண்டு விரல் உயர்த்தினால் அந்த இரண்டு விரல் ஆழம் போச்சு என்றுதானே அர்த்தம்?

லவ்டேல்_ராஜா

சரி, சரி. ஆனாலும் புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு 40,000 செலவு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

மேட்டுப்பாளையம்_மெக்கானிக்

ஒரு சந்தேகம். மண்ணில் இரும்பு அதிகம் என்றால் பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின்தானே எடுக்க வேண்டும்? அது மண்ணைக் கண்டுகொள்ளாது, ஆழமும் போகும் என்று படித்திருக்கிறேன்.

காயில்பைத்தியம்

படித்தது சரி சார், இடம்தான் தப்பு. பல்ஸ் மெஷின் மின்துடிப்பை விட்டு, அது அடங்கியதும் நிலத்திலிருந்து திரும்பி வருவதைக் கேட்கிறது. மண்ணின் இரும்பு அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் ஆணியையும் காசையும் பிரித்துச் சொல்வதில் அது பலவீனம். பழைய பங்களா இடம் என்றால் கூரை இடிந்து விழுந்த இடம். மரச் சட்டங்கள் மட்கிப்போயிருக்கும், ஆணிகள் அங்கேயே கிடக்கும். ஒரு சதுர அடிக்குள் கை நிறைய ஆணி. பல்ஸ் மெஷின் அத்தனைக்கும் கூவும். சாயந்திரத்துக்குள் வெறுத்துப்போய்விடும்.

இங்கே வேண்டியது விஎல்எஃப் வகை, அதாவது குறைந்த அலைவரிசையில் தொடர்ந்து அலை அனுப்பிக் கேட்பது, அதிலும் முடிந்தால் ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்வது. ஏஸ் 400 10 கிலோஹெர்ட்ஸ், சிம்ப்ளெக்ஸ் 12 கிலோஹெர்ட்ஸ், இரண்டும் ஒற்றை அலைவரிசைதான். பல அலைவரிசை மெஷின் ஒரே இடத்தைப் பல சுருதியில் கேட்டு, எது மண், எது உலோகம் என்று ஒப்பிட்டுக் கழிக்கிறது. கனமான மண்ணில் இந்த வித்தியாசம் காதிலேயே தெரியும்.

வான்குவிஷ் இந்த வகையில் மலிவானது. ஆனால் மண்ணைத் தானாகவே சரிசெய்துகொள்ளும், நாம் கைவைக்க முடியாது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் போகக்கூடாது. நம் ஊர்ச் சாரலில் உறை போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சிம்ப்ளெக்ஸ் ஒற்றை அலைவரிசை என்றாலும் காயிலை மேலும் கீழும் பம்ப் செய்து கிரவுண்ட் பேலன்ஸ் பிடிக்கலாம், தண்ணீரில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 700 அல்லது நோக்டா லெஜண்ட் என்றால் பல அலைவரிசையும் நாமே பிடிக்கும் கிரவுண்ட் பேலன்ஸும் சேர்ந்து வரும், ஆனால் உங்கள் பட்ஜெட் தாண்டும். செகண்ட் ஹேண்டில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி, கூரியர் எல்லாம் சேர்ந்து விலை எங்கோ போய்விடும். வாரண்டிக்கும் அங்கேதான் அனுப்ப வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் சின்ன காயில் ஒன்று கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கூடவே வரும் 11 அங்குல காயில் அஸ்திவாரத்தைச் சுற்றி உதவாது. அதன் கீழே ஒரே நேரத்தில் மூன்று ஆணியும் ஒரு காசும் இருக்கும், இரும்பு காசை விழுங்கிவிடும். 6 அங்குல காயில் போட்டு, அரை வேகத்தில் நகர்த்தினால் ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே காசு எட்டிப் பார்க்கும்.

கவாத்துக்கத்தி

எஸ்டேட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். பழைய தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத் தாள் வைத்து அடைத்தார்கள், பிறகு அலுமினியத் தாள் வந்தது. மூலைகளில் தகரப் பட்டை வேறு. பெட்டி உடைந்தால் எங்கே போடுவார்கள்? பங்களாவுக்குப் பின்னால்தான். உலோகத்துக்கு ஏற்ப மெஷின் மீட்டரில் ஒரு எண் காட்டும்; அந்த ஈயக் கிழிசல்களும் அலுமினியத் துண்டுகளும் நடு எண்ணில் வந்து நிற்கும். மோதிரமும் பொத்தானும் வருகிற அதே எண். 'நடு எண் எல்லாம் குப்பை' என்று ஒதுக்கினால் பட்டாளத்துப் பொத்தானையும் சேர்த்து ஒதுக்கிவிடுவீர்கள். தோண்டித்தான் பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை.

லாடமும் துருப்பிடித்த தகரமும் சில சமயம் வெள்ளி மாதிரி உச்சத்தில் கத்தும். காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஓரத்தில் இரும்புச் சத்தம் கேட்டால் தகரம். தொண்ணூறு டிகிரி திரும்பி மறுபடி ஓட்டினாலும் எண் அப்படியே நின்றால் தோண்டலாம்.

அப்புறம், தேயிலைச் செடி அடியில் கடப்பாரை போடாதீர்கள். வேர் அறுந்தால் அடுத்த கொழுந்துக்குச் செடி பழி வாங்கும். களைக்கொத்தும், குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் கையடக்க டிடெக்டரான பின்பாயிண்டரும் போதும்.

தேவாலா_தங்கம்

நண்பர்களே, நான் கூடலூர் பக்கம். இதே மெஷினை வைத்து தேவாலா, பந்தலூரில் தங்கம் எடுக்க முடியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே தங்கச் சுரங்கம் இருந்ததே.

காயில்பைத்தியம்

இருந்தது. 1880 வாக்கில் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கி, பங்கு விற்று, ஓரிரு வருடத்தில் கவிழ்ந்த கதை அது. இங்கே தங்கம் இருப்பது குவார்ட்ஸ் பாறைக்குள், பொடியாக. டிடெக்டர் கட்டியைத்தான் பார்க்கும், தூளைப் பார்க்காது. கோல்டு மான்ஸ்டர் மாதிரி 45 கிலோஹெர்ட்ஸ் மெஷின்கூட சின்னக் கட்டியாவது இருந்தால்தான் குரல் கொடுக்கும். அதைவிட முக்கியம், அந்தக் காட்டில் மூடாத பழைய குழிகள் புதர் மறைவில் கிடக்கின்றன. அனுமதி இல்லாமல் தங்கம் எடுப்பது குற்றம், உள்ளே இறங்கி உயிரை விட்டவர்களும் உண்டு. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கறுப்புகவுன்

இந்த இழையில் சட்டம் பற்றி யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். பேசவில்லை, நானே ஆரம்பிக்கிறேன்.

சில்வர்ஓக் சார், நிலம் உங்களுடையது என்பதால் அதற்குள் கிடப்பதெல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்தே ரூபாய், அந்தக் காலத்துக் கணக்கு. என்ன பொருள், எவ்வளவு அல்லது உத்தேச மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி, இவ்வளவும் கடிதத்தில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லை கேட்கும்போது காட்டுவேன் என்று ஜாமீன் தர வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

விசாரித்து, உரிமையாளர் இல்லாத பொருள் என்று அறிவித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. உங்கள் வீட்டில் பட்டா அப்பா பெயரில் என்கிறீர்கள், ஆகவே அப்பாவிடம் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். களை எடுக்கும் அம்மா கண்டெடுத்தால், கண்டெடுத்தவர் அவர்தான், நீங்கள் அல்ல.

நூறு வருடம் தாண்டிய காசு, சிலை, கைவினைப் பொருள் எல்லாம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் தோண்டுவது பற்றி நினைக்கவே வேண்டாம். வன நிலத்தில் மண்ணைக் கிளறினாலே வழக்கு. வெலிங்டன் பக்கம் ராணுவ நிலத்தில் டிடெக்டரோடு நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சில்வர்ஓக்

சார், அந்த 1862 காலணாவுக்கும் இதெல்லாம் உண்டா? கடைகளில் சாதாரணமாக விற்கிறார்களே.

கறுப்புகவுன்

எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கக் கடிதம், நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். தேட ஆரம்பிக்கும் முன்பே அலுவலகத்தில் உங்கள் பெயர் நல்லவிதமாகப் பதிந்திருக்கும். பிறகு பானையோடு ஏதாவது வந்தாலும் யாரும் உங்களைச் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள்.

கல்வட்டம்

நான் தொல்லியல் படித்தவள். டிடெக்டர் என்றாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், மறைக்கப் போவதில்லை. இந்த மலையில் ஏற்கெனவே நடந்ததைச் சொல்கிறேன். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ், மலை முழுக்க இருந்த கல்வட்டங்களை, அதாவது கற்களை வட்டமாக அடுக்கிய பழங்கால ஈமச் சின்னங்களை, தோண்டினார். அவருடைய புத்தகம் 1873இல் வந்தது. வெண்கலக் கிண்ணங்கள், இரும்பு ஆயுதங்கள், சுடுமண் உருவங்கள் எல்லாம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் லண்டனுக்கும் போயின. பொருள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எது எதன் மேல் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்ற கேள்விகளுக்கு இன்றைக்கு வேண்டிய அளவு பதில் இல்லை. அவராவது எழுதி வைத்தார். அவருக்குப் பின்னால் பொழுதுபோக்காகத் தோண்டியவர்கள் அதையும் செய்யவில்லை.

சில்வர்ஓக், உங்கள் நிலத்திலோ பக்கத்திலோ வட்டமாக அடுக்கிய கற்களோ, பலகைக் கல் திட்டையோ இருந்தால் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அங்கே பல இடங்களில் இன்றும் பூசை நடக்கிறது. குறும்பரோ, கோத்தரோ, தோடரோ, படுகரோ, யாருடைய முன்னோர் இடம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாமல் இருக்கலாம், அவர்களுக்குத் தெரியும்.

காயில்பைத்தியம்

அக்கா சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தேயிலைக்காக ஏற்கெனவே கிளறிய மண், அதன் மேல்சாணில் கிடக்கும் பொத்தானுக்கு என்ன அடுக்கு இருக்கப்போகிறது? அடுத்த கவாத்தில் கத்தி பட்டு அதுவும் போய்விடும்.

கல்வட்டம்

கிளறிய மண் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அஸ்திவாரத்துக்கு உள்ளே இருப்பது கிளறிய மண் இல்லையே. அதனால் இப்படிச் செய்யுங்கள். பங்களா தரைக்கு உள்ளே கை வைக்க வேண்டாம். வெளியே, சுவரிலிருந்து கயிறு பிடித்து இரண்டு மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கட்டம், ஆழம், தேதி, எடுக்கும் முன் ஒரு படம். ஆணியைக்கூட எந்தக் கட்டத்தில் எத்தனை என்று குறியுங்கள். கூரை எந்தப் பக்கம் சரிந்தது, குதிரை லாயம் எங்கே இருந்தது என்பதை ஆணியும் லாடமும்தான் சொல்லும். யார் வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றீர்களே, அதற்கு வெள்ளி ரூபாயைவிடக் குப்பைக்குழி நல்ல சாட்சி. காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள், புளி போடவே போடாதீர்கள்.

லவ்டேல்_ராஜா

புளி விஷயம் என் அம்மாவுக்குச் சொல்லப்பட்டது போல இருக்கிறது.

கேத்தி_ஓரம்

இரண்டு நடைமுறை விஷயம், யாரும் சொல்லவில்லை. முதலாவது சோலார் வேலி. பக்கத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலி இருந்தால் மெஷினில் ஒழுங்கான இடைவெளியில் 'டிக்... டிக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்கியவர்கள் மெஷின் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். உயர் மின்கம்பி கீழேயும் இதே கதை, கோபுரங்களுக்குக் குந்தா, பைக்காரா பக்கம் பஞ்சமா? அலைவரிசையைச் சற்று நகர்த்தும் வசதி மெனுவில் இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். அடங்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பகலில் அரை மணி நேரம் அணைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஹெட்போன். சத்தம் நன்றாகக் கேட்கும், உண்மைதான். ஆனால் இரண்டு காதையும் மூடிக்கொண்டு தலையைக் குனிந்து தேயிலைக்குள் நடந்தால், முன்னால் காட்டெருமை நிற்பது காயில் அதன் காலில் படும்போதுதான் தெரியும். கோத்தகிரியில் கரடி வேறு. ஒரு காது மட்டும் மாட்டுங்கள், கூட ஒரு ஆள் நிற்கட்டும். மாலை நாலரைக்கு மேல் வேண்டாம்.

சில்வர்ஓக்

எல்லோருக்கும் நன்றி. காந்தச் சோதனை செய்தேன். பை முழுக்கக் கறுப்பு. காயில்பைத்தியம் அண்ணா சொன்ன மீசை இல்லை, தாடியே வந்துவிட்டது. கடிதமும் எழுதிவிட்டேன், அடுத்த வாரம் ஊட்டி போகும்போது கொடுக்கிறேன். அப்பா 'கால் பங்கு எனக்கா?' என்று கேட்டுச் சிரிக்கிறார்.

ஈக்வினாக்ஸ் 700 பழையது ஒன்று கோயம்புத்தூரில் விலைக்கு இருக்கிறதாம். போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

காயில்பைத்தியம்

ஒரு காலணா, ஒரு பழைய ஆணி, சிகரெட் பெட்டியின் உள்தாள் மூன்றையும் கொண்டு போங்கள். தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் எண்ணும் நிலையாக வருகிறதா பாருங்கள். காற்றில் காசை ஆட்டிக் காட்டி 'பாருங்கள், ஒரு அடி' என்று விற்பவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள், காற்றில் மண் கிடையாது. காயில் ஒயர் கம்பியில் சுற்றியிருக்கும் இடம், இணைப்பு முனை, இவை இரண்டையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். சும்மாவே குரல் கொடுத்தால் ஒயர் உள்ளே விட்டிருக்கிறது. முழு சார்ஜில் ஆரம்பித்துப் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், பேட்டரி நிலவரம் தெரிந்துவிடும். சீரியல் நம்பரும் பில்லும் கேளுங்கள், போலி நிறைய நடமாடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் சுத்தமான இடம் ஒன்றில் காயிலை மேலும் கீழும் பம்ப் செய்து கிரவுண்ட் பேலன்ஸ் பிடியுங்கள், சென்சிடிவிட்டியைப் பாதிக்குக் கொண்டு வாருங்கள். முதல் வாரம் அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

மேட்டுப்பாளையம்_மெக்கானிக்

ராஜா சார், நீங்கள் ஏஸ் 400ஐ விற்கிற யோசனையில் இருந்தால் சொல்லுங்கள். எங்கள் ஊர் மண்ணுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

லவ்டேல்_ராஜா

இத்தனை பேர் சேர்ந்து அதைக் குறை சொன்ன பிறகு விலை எங்கே கிடைக்கப்போகிறது! தனிச் செய்தி அனுப்புங்கள். சின்ன காயில் மட்டும் தர மாட்டேன்.